முதல் ஐம்பதில் வராத மாவுக்கடை அம்மா

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி நீளமாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் கம்பெனியும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டதால் அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெட் கிரைண்டரும் மிக்ஸியும் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில், புதுத் தயாரிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் நான்கு வருடமாக இருக்கிறார். "யோசனையை ஆபீஸுக்குள் தேடாதீர்கள், நம் மெஷினைப் பயன்படுத்துபவர்களிடம் தேடுங்கள்" என்று எம்.டி. சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு மென்பொருள் நிறுவனம் வந்திருக்கிறது. மூன்று பேஸ்புக் சமையல் குழுக்கள், ஒரு யூடியூப் சேனலின் கமெண்ட்கள், எல்லாம் சேர்த்து சுமார் 22,000 பேர். அவர்கள் எழுதியதை எல்லாம் தானாகவே படித்து, "புதிதாகச் சிந்திக்கும் முதல் 50 பயனர்கள்" என்று பட்டியல் தருகிறோம், வருடத்துக்கு 6 லட்சம் என்கிறார்கள். சோதனைக்கு ஒரு பட்டியலும் கொடுத்துவிட்டார்கள்.

வாசகிக்கு உறுத்துவது இதுதான். அதே குழுவில் ஈரோடு பக்கம் மாவுக்கடை நடத்தும் ஒரு அம்மா ஒரு படம் போட்டிருந்தார். கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் பிளேடை எடுத்துவிட்டு, சிலிகோன் ரப்பர் துண்டு ஒன்றைச் சாய்வாக வெட்டி மாட்டியிருந்தார். கீழே, "மூணு மாசத்துக்கு ஒருக்கா தேஞ்சு போயிருதுங்க, கேட்டா ஸ்டாக் இல்லீங்கறாங்க, அதான் நானே மாட்டிக்கிட்டேனுங்க" என்று இரண்டு வரி. வாசகி அதைப் பார்த்ததும் அசந்துவிட்டார். ஆனால் சோதனைப் பட்டியலில் அந்த அம்மா 50-க்குள் இல்லை, ஆயிரமாவது இடத்துக்கும் கீழே எங்கோ இருந்தார். எம்.டி.யிடம் படத்தைக் காட்டியபோது, "நல்லா இருக்கே, நாமே செஞ்சுடலாம், பொதுவுல தானே போட்டிருக்காங்க, சொல்லணும்னு என்ன" என்றாராம்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். இந்த மென்பொருளை நம்பலாமா? இப்படி மற்றவர்கள் எழுதியதை அள்ளி எடுப்பது சட்டப்படி சரியா? அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பார்த்த அந்த இரண்டு வரிப் பதிவுதான் இந்தத் துறையின் முழுப் பாடமும். அதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள், மென்பொருள் கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் எரிக் வான் ஹிப்பல் என்ற பேராசிரியர் 1986-ல் இப்படிப்பட்டவர்களுக்கு "லீட் யூசர்" என்று பெயர் வைத்தார். முன்னோடிப் பயனர் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்ன அடையாளங்கள் இரண்டு. ஒன்று, மற்றவர்களுக்கு நாளைக்கு வரப்போகிற தேவை இவர்களுக்கு இன்றைக்கே வந்திருக்கும். இரண்டு, அந்தத் தேவை தீர்ந்தால் இவர்களுக்குப் பெரிய லாபம், அதனால் கம்பெனி செய்து தரும்வரை காத்திருக்க மாட்டார்கள், தாங்களே ஏதாவது செய்துவிடுவார்கள். மாவுக்கடை அம்மாவை இதில் பொருத்திப் பாருங்கள். வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை ஓடும் மெஷினை அவர் நாள் முழுக்க ஓட்டுகிறார். நம் வீட்டில் ஐந்து வருடம் கழித்துத் தேயும் பிளேடு அவருக்கு மூன்று மாதத்தில் தேய்கிறது. மெஷின் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. இரண்டு அடையாளமும் அப்படியே இருக்கிறது.

நிறைய எழுதுகிறவர் வேறு, புதிதாகச் செய்கிறவர் வேறு

உங்கள் கடிதத்தில் "ஆக்டிவாக இருப்பவர்கள்தானே புதுமையாக யோசிப்பார்கள், அதனால் மென்பொருள் அவர்களை மேலே வைத்தது நியாயம்தானோ" என்று ஒரு வரி இருக்கிறது. இது தவறான அனுமானம், பலரும் செய்வது. இணையக் குழுக்களில் 100 பேர் இருந்தால் ஏறத்தாழ 90 பேர் வெறுமனே படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். தோராயக் கணக்குதான், ஆனாலும் எந்தக் குழுவைத் திறந்தாலும் நிலைமை அப்படித்தான் தெரியும். பதிவுகளின் எண்ணிக்கை, லைக், பதில் இவற்றுக்கு மதிப்பெண் கொடுக்கும் எந்த மென்பொருளும் அந்த ஒருவரைத்தான் தூக்கி மேலே வைக்கும். அவர் குழு அட்மினாக இருக்கலாம், டீலராக இருக்கலாம், நன்றாகச் சமைத்து அழகாகப் படம் எடுப்பவராக இருக்கலாம். சில வருடம் முன்பு நான் ஒரு பம்ப் செட் கம்பெனிக்காக இப்படி ஒரு பட்டியலைப் பார்த்தேன், மேலே இருந்தவர்களில் பாதிப் பேர் டீலர்கள். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவர்கூட அதில் இல்லை.

மெஷினைத் திறந்து மாற்றியவர்கள் அதிகம் எழுதாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உங்கள் கம்பெனியிலேயே இருக்கிறது. வாரண்டி கார்டு. "திறந்தால் வாரண்டி செல்லாது" என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு, திறந்தவர்கள் பேர் போட்டு எழுதுவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது? எழுதினாலும் புகாராகத்தான் எழுதுவார்கள். அந்த மாவுக்கடை அம்மா எழுதியதையும் பாருங்கள், "நான் ஒன்று கண்டுபிடித்தேன்" என்று அவர் சொல்லவேயில்லை. ஸ்டாக் இல்லை என்ற புகாரின் வாலில் அந்தக் கண்டுபிடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொற்களை வைத்து 'புகார்' என்று முத்திரை குத்தி ஒதுக்கும் மென்பொருள், தங்கத்தைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் போகும்.

அப்புறம் மொழி. 'மாத்திட்டேன்' என்பதை நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் அடித்தால் பத்துப் பேர் பத்து விதமாக அடிப்பார்கள். ஈரோட்டு அம்மா எழுதுவதும் திருநெல்வேலி அண்ணாச்சி எழுதுவதும் ஒன்றல்ல. கண்டுபிடிப்பு பாதி நேரம் படத்தில்தான் இருக்கும், எழுத்தில் இருக்காது. அம்மா செய்ததை மகன் தன் கணக்கிலிருந்து போட்டிருப்பான். அவர்கள் மென்பொருள் இவற்றை எப்படிக் கையாளுகிறது என்று எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

துல்லியம் 90 சதவீதம் என்றால்

அவர்கள் விளம்பரத் தாளில் "90 சதவீதத் துல்லியம்" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 22,000 பேரில் நூற்றுக்கு ஒருவர் உண்மையான முன்னோடி என்று வைத்துக்கொள்வோம், 220 பேர். மென்பொருள் அவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, 198 பேர். மீதி 21,780 பேரில் 10 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது, 2,178 பேர். ஆக மொத்தம் 2,376 பேரைக் கைகாட்டும், அதில் நிஜமானவர் 12-ல் ஒருவர். தேடுகிற ஆள் அபூர்வமாக இருக்கும்போது எவ்வளவு நல்ல சல்லடையாக இருந்தாலும் இதுதான் நடக்கும், அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. 22,000 பேரை 2,400 ஆகக் குறைப்பது பெரிய உதவி. அதன்பின் மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதை விற்பவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் வாங்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருட ஒப்பந்தம் போடாமல் மூன்று மாதத்துக்குக் கேளுங்கள். மதிப்பெண்ணை ஆளுக்குக் கொடுக்காமல் பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றே மூன்று பதிவு போட்டவரின் ஒரு பதிவு மேலே வர வேண்டும். வினைச்சொற்களைத் தேடச் சொல்லுங்கள்: வெட்டினேன், ஒட்டினேன், கழற்றினேன், லேத்தில் கொடுத்து, வெல்டிங் வைத்து, எம்சீல் போட்டு. படத்தோடு சேர்ந்து வரும் புகார்களைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் சமையல் குழுவிலும் எலக்ட்ரிகல் குழுவிலும் இருந்தால் அவருக்குக் கூடுதல் கவனம், ஏனென்றால் இரண்டு கூட்டத்துக்கு நடுவே பாலமாக இருப்பவர்களிடம் இந்த மாதிரி ஆட்கள் அதிகம் தென்படுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். முக்கியமாக, அந்த அம்மாவின் பதிவையே பரீட்சையாக வையுங்கள். திருத்திய பிறகும் அது முதல் நூறில் வரவில்லை என்றால் 6 லட்சத்தை மிச்சம் பிடியுங்கள்.

தேடும் இடமே தவறாக இருந்தால்

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நீங்கள் இருக்கும் தொழிலிலேயே அதற்கு உதாரணம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2000-களின் முற்பாதியில் அமெரிக்காவில் சிலர் கொக்கோ கொட்டையிலிருந்து வீட்டிலேயே சாக்லேட் செய்து பார்த்தார்கள். பெரிய ஆலைகளின் இயந்திரங்கள் மிகப் பெரியவை, சமையலறை மேடையில் வைக்கிற அளவில் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அவர்கள் கையில் சிக்கியது நம்மூர் டேபிள் டாப் வெட் கிரைண்டர். கல்லின் மேல் கல் உருண்டு அரைக்கிறது, கொக்கோவை மைய அரைக்கத் தேவையானதும் அதுவேதான். ஓரெகான் மாநிலத்தின் ஜான் நான்சி போன்றவர்கள் இதை இணையத்தில் விளக்கிப் பரப்பினார்கள். ஆனால் இட்லி மாவுக்கு அரை மணி, முக்கால் மணி ஓடும் மெஷினை இவர்கள் ஒரு நாள், இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டினார்கள். தொடக்கத்தில் கொக்கோ இளகுவதற்கு டிரம்மின் மேல் ஹேர் டிரையரைக் காட்டினார்கள். மோட்டார் சூடாவதும் பெல்ட் தேய்வதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. இன்றைக்குச் சாக்லேட்டுக்கென்றே தனி மாடல்கள் இங்கே செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குப் போகின்றன, சின்னச் சின்ன சாக்லேட் பட்டறைகள் அவற்றை நம்பி நடக்கின்றன.

இப்போது யோசியுங்கள், அந்தக் காலத்தில் இட்லி தோசை சமையல் குழுக்களில் உலகத்திலேயே சிறந்த மென்பொருளை விட்டுத் தேடியிருந்தாலும் இவர்களில் ஒருவர்கூடக் கிடைத்திருக்க மாட்டார். அவர்கள் அங்கே இல்லை. அமெரிக்காவின் த்ரீ எம் (3M) கம்பெனி அறுவை சிகிச்சையில் நோயாளியின் மேல் போர்த்தும் துணியில் புது வழி தேடியபோது, மனித மருத்துவமனைகளோடு நிற்காமல் கால்நடை மருத்துவர்களிடமும் சினிமா ஒப்பனைக் கலைஞர்களிடமும் போனது. மிருகத்தின் ரோமத்தின் மேலும் கிருமி வராமல் காக்கத் தெரிந்தவர், தோலுக்கு உறுத்தாமல் ஒட்டத் தெரிந்தவர், இப்படி. அந்தக் கம்பெனியில் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வின்படி, முன்னோடிப் பயனர்களோடு சேர்ந்து உருவான யோசனைகளுக்கு ஐந்தாம் வருடத்தில் சராசரியாக 14.6 கோடி டாலர் விற்பனை வரும் என்று கணித்திருந்தார்கள், வழக்கமான முறையில் வந்தவற்றுக்கு 1.8 கோடி. கம்பெனியின் சொந்தக் கணிப்புதான் அது, நடந்த விற்பனை இல்லை, இருந்தாலும் எட்டு மடங்கு வித்தியாசம்.

அப்படிப்பட்டவர்களை எப்படிப் பிடிப்பது? கேட்டுத்தான். ஒருவரிடம் பேசி முடித்ததும், "இந்த விஷயத்தில் உங்களைவிடக் கில்லாடி யாருங்க?" என்று கேளுங்கள். அவர் சொன்னவரிடம் போய் அதையே கேளுங்கள். நாலைந்து படி ஏறுவதற்குள் நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு தொழிலில் போய் நிற்பீர்கள். இந்த முறையை வான் ஹிப்பலும் கூட இருந்தவர்களும் 2009-ல் சோதித்துப் பார்த்தபோது, எல்லோரையும் வரிசையாகச் சலித்துத் தேடுவதற்கு ஆகும் உழைப்பில் சுமார் 28 சதவீதமே இதற்குத் தேவைப்பட்டது. செலவு என்று பார்த்தால் போன் பில்லும் பொறுமையும்தான்.

இன்னொரு இடம், உங்கள் உதிரிபாகப் பதிவேடு. கணினியில் ஏற்கெனவே இருக்கும். வருடத்துக்கு ஒரு பெல்ட் வாங்கும் வீடுகளுக்கு நடுவில் ஒரே முகவரிக்குப் பத்துப் பெல்ட் போயிருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. தானாகத் தேட வேண்டும் என்றால் முதலில் இதைத் தேடச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலை. சர்வீஸ் மெக்கானிக்குகளை ஒரு மத்தியானம் உட்கார வைத்து டீ வாங்கிக்கொடுத்து, "யார் வீட்டில் மெஷினை விசித்திரமாக மாற்றி வைத்திருந்தார்கள்" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, யாரும் கேட்பதில்லை. ஆனால் சர்வீஸுக்காக வாங்கிய போன் நம்பரில் வேறு விஷயமாக அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே காரணத்தைச் சொல்லி, "பேசலாமா" என்று கேட்டுவிடுங்கள்.

சட்டம் எதுவரை

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும். ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் எம்.டி. சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே போக முடியும் என்ற குழுவைப் பொதுவெளி என்று சொல்வது கஷ்டம், உங்கள் மூன்றில் ஒன்று அப்படிப்பட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினி அமைப்பிலிருந்து தரவை நகலெடுப்பதற்கு இழப்பீடு கேட்க இடம் தருகிறது. பேஸ்புக்கும் தன் அனுமதியின்றி இயந்திரம் வைத்து அள்ளுவதைத் தன் நிபந்தனைகளில் தடுத்திருக்கிறது. ஆகவே மென்பொருள் நிறுவனம் தரவை எந்த வழியில் எடுக்கிறது, பிரச்சினை வந்தால் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூடிய குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அட்மினிடம் நேராகப் பேசுங்கள்.

அந்த பிளேடைப் பொறுத்தவரை: படமும் அவர் எழுதிய வரிகளும் அவருடைய பதிப்புரிமை, கேட்காமல் உங்கள் விளம்பரத்தில் போட முடியாது. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. காப்புரிமை அவர் எடுக்கவில்லை. அதனால் நீங்கள் அதே மாதிரி ஒன்று செய்து விற்றால் அவர் வழக்குப் போட்டு நிறுத்துவது கடினம். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எம்.டி. அடுத்த படியாக "பேட்டன்ட் எடுத்துடலாம்" என்று சொன்னால் அங்கே நில்லுங்கள். 1970-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி உண்மையாக முதலில் கண்டுபிடித்தவரோ அவரிடம் உரிமை வாங்கியவரோதான் விண்ணப்பிக்கலாம். உங்கள் இன்ஜினியர் பெயரைப் போட்டால் அது பின்னாளில் ரத்தாகக் காரணமாகும். அதோடு, அவர் படம் போட்ட அன்றே அது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது, அதே பிளேடுக்குப் புதுமை என்று உரிமை கோர யாருக்கும் வழி இல்லாமல் போகலாம். விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு காப்புரிமை வக்கீலைப் பாருங்கள்.

அந்த அம்மாவிடம்

சொல்லத்தான் வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் சொல்ல வேண்டும். அவர் மூளையும் உழைப்பும் அது.

எம்.டி.யிடம் பேச உங்களுக்கு வேறொரு வாதமும் இருக்கிறது. படத்தில் தெரிவது விடை மட்டும்தான். அந்தச் சாய்வில் ஏன் வெட்டினார்? அதற்கு முன் எத்தனை வெட்டிப் பார்த்துத் தூக்கிப் போட்டார்? உளுந்துக்கும் அரிசிக்கும் ஒரே பிளேடா? துண்டு எதிலிருந்து வெட்டியது, மாவோடு சேர்ந்து நாள் முழுக்க இருக்கத் தகுந்த பொருளா? இதெல்லாம் அவர் தலையிலும் கையிலும் இருக்கிறது. கேட்காமல் செய்தால் உங்கள் இன்ஜினியர்கள் அவர் செய்த அதே தவறுகளை ஆறு மாதம் புதிதாகச் செய்வார்கள். இன்னொன்று, அந்தக் குழுவில் 9,000 பேர் இருப்பதாகச் சொல்கிறீர்கள். உங்கள் புது பிளேடு கடைக்கு வந்த வாரமே யாராவது அந்தப் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள்.

என்ன கொடுப்பது என்று கேட்டால், பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ கம்பெனி ஒரு வழி வைத்திருக்கிறது. ரசிகர் அனுப்பும் வடிவம் 10,000 ஆதரவு வாக்கு பெற்று, கம்பெனியும் தேர்ந்தெடுத்து விற்பனைக்கு வந்தால், நிகர விற்பனையில் 1 சதவீதம் அவருக்கு. உங்கள் கம்பெனிக்கு அந்த அளவு ஒத்து வராவிட்டால் ஒரு தொகையும், எழுத்தில் ஒரு ஒப்பந்தமும், அவர் விரும்பினால் அட்டைப்பெட்டியில் அவர் பெயரும் கொடுங்கள். ஒரு புது மெஷினை மட்டும் தூக்கிக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வது போதாது. காகிதம் தமிழில் இருக்கட்டும், கையெழுத்து கேட்பதற்கு முன் மகனோ மகளோ படித்துப் பார்க்க ஒரு வாரம் விடுங்கள். பேர் வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள், அவர் பார்ப்பது வியாபாரம், புகழ் அவருக்குத் தொந்தரவாகவும் இருக்கலாம்.

எம்.டி. கேட்கவே மாட்டேன் என்றால்? அவரை ஒரு நாள் அந்தக் கடைக்கு அழைத்துப் போகப் பாருங்கள். தன் மெஷின் ஒரு கடையில் பகல் முழுக்க ஓடுவதை அவர் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். அப்படியும் முடியாது என்றால், நீங்கள் சொன்னதைத் தேதியோடு ஒரு மெயிலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிக்கல் வந்தால் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கும்.

அழைப்பதை மட்டும் மார்க்கெட்டிங் ஆளிடம் விடாதீர்கள், பதிவைப் பார்த்தது நீங்கள், நீங்களே பேசுங்கள். காலையிலும் சாயங்காலமும் மாவு விற்கும் நேரம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். "அம்மா, நீங்க மாத்தின பிளேடைப் பார்த்தோம், அந்தக் கிரைண்டர் எங்க கம்பெனிதான், ஸ்டாக் இல்லாம உங்களை அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்று தொடங்குங்கள், வாரண்டி பற்றிப் பயப்பட வேண்டாம் என்றும் உடனே சொல்லிவிடுங்கள். பேசி முடித்து வைக்கும் முன், அவரைவிடக் கில்லாடி யார் என்று கேட்க மறக்காதீர்கள். அவர் யார் பெயரைச் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.